உளி வாத்தியாருக்கு ஒரு நினைவு மலர்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் அப்பா போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் தச்சு வேலை செய்தவர். வண்டிச் சக்கரம், ஏர், நிலைக்கதவு எல்லாம் செய்வார். 1974-ல் அரசுப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராகச் சேர்ந்தார், 2007 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் வீட்டுப் பட்டறையில் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். ஊரில் 'உளி வாத்தியார்' என்றால்தான் தெரியும். போன ஆவணியில் காலமானார். முதல் வருஷத் திதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் 64 பக்கத்தில் நினைவு மலர் போட ஆசை. பிரமுகர்களிடம் இரங்கல் செய்தியும் நான்கு கவிதையும் வாங்கிப் போட்டால் போதும் என்கிறார்கள் அண்ணன்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கையில் இருப்பது 11 பழைய படங்கள் (இரண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன), அவருடைய அளவு நோட்டு, கருவிப் பெட்டி. பெட்டியில் அகல உளி மட்டும் இல்லை. பழைய மாணவர் ஒருவர் வாங்கிப்போனார். அவரிடம் திருப்பிக் கேட்கலாமா? ஜாதகத்தில் பிறப்பு 'சர்வதாரி வருஷம், தை மாதம்' என்றும், பள்ளிச் சான்றிதழில் 1-6-1949 என்றும் இருக்கிறது. எதைப் போடுவது? பெரியண்ணன் அப்பாவிடம் தொழில் கற்க மறுத்தவர். அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது. அதை எழுதலாமா? (மகள், போச்சம்பள்ளி வட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் ஒப்பாததில் தப்பே இல்லை. இரங்கல் செய்தியும் கவிதையும் மட்டும் வைத்துப் போட்ட மலரில் அட்டைப் படத்தை மாற்றினால் பக்கத்து ஊர்க்காரருக்கும் அப்படியே பொருந்தும். 'கடமை தவறாதவர், கனிவானவர், ஊருக்கு ஒளிவிளக்கு' என்பது யாரைப் பற்றியும் எழுதக்கூடியது. செய்திகளுக்குக் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கினால் அண்ணன்களுக்கும் குறை இருக்காது. மிச்சப் பக்கங்களில் அப்பா என்ன செய்தார், எப்படிச் செய்தார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பது வரட்டும்.

அதற்கான சரக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த அளவு நோட்டுதான் மலருக்கே அச்சாணி.

முதல் வேலையாக நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போன் பக்கத்துக்கு நேர் மேலே இருக்கும்படி பிடித்து எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கம், அட்டை, ஓரத்தில் கிறுக்கிய கடன் கணக்கு எதையும் விடாதீர்கள். தச்சர் பென்சில் எழுத்து விரல் பட்டாலே கலையும், அதனால் ஆளுக்கு ஆள் புரட்டிப் பார்க்கக் கொடுக்க வேண்டாம். பத்திரப்படுத்துகிறேன் என்று யாராவது லேமினேஷன் போடக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு செல்லோடேப்பும் ஆகாது. சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அடுத்தது, நோட்டைப் படிக்கத் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். தச்சர் நோட்டுகள் சுருக்கெழுத்து மாதிரிதான் இருக்கும். உதாரணத்துக்கு 'நி 7 – 3½, 5க்கு 3, க 1' என்று ஒரு வரி இருந்தால், நிலை ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம், சட்டம் ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலம், கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் நாக்கு, ஒரு அங்குலம் என்று விரியும். மூன்று அங்குலக் கனத்துக்கு ஒரு அங்குலக் கழுந்து என்பது மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு. கழுந்து அதைவிடத் தடித்தால் துளையின் இரு பக்கச் சுவரும் மெலிந்து பிளந்துபோகும். இளைத்தால் கழுந்தே ஒடியும். 'நூ' என்று வந்தால் அது நூல், எட்டு நூல் ஓர் அங்குலம். இது தெரியாமல் டைப் அடிப்பவர் '2 நூ' என்பதை 'இருநூறு' ஆக்கிவிடுவார், கவனம்.

நோட்டிலிருந்து நான்கு பக்கங்களைப் படமாகவே மலரில் போடுங்கள். எதிர்ப் பக்கத்தில் அப்பாவின் மாணவர் ஒருவர் வரிக்கு வரி விளக்கம் சொல்லட்டும். அப்பாவின் கையெழுத்து, கணக்கு, மாணவரின் அறிவு மூன்றும் அந்த இரண்டு பக்கத்தில் சேர்ந்துவிடும். இதற்கு ஈடான கட்டுரையை யாரும் எழுதித் தர முடியாது.

பேட்டிகளை அம்மாவிடம் தொடங்குங்கள். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது, உடம்பும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. காலையில், அண்ணன்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் இரண்டடி தூரத்தில் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடி மாதிரிப் பதிவாகும். அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் பாதிப் பெயர்கள் புரியாது. பதிவை பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'தங்கமானவர்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவிடம் கேட்க வேண்டியது வேறு: பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் என்ன செய்வார்? இழைத்த சுருளை அடுப்புக்குக் கொண்டுவருவாரா? கூலி பணமாக வந்ததா, களத்துமேட்டில் ராகியாக அளந்தார்களா? எத்தனை வள்ளம்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? பள்ளி வேலை கிடைத்த பிறகும் ஏன் பட்டறையை மூடவில்லை? ராகிக் கூலி, மாதச் சம்பளம் இரண்டையும் பார்த்த குடும்பத்தில் அந்த மாற்றம் நடந்த வருஷங்களுக்கே தனியாக நான்கு பக்கம் தேறும்.

மாணவர்களிடம் பேசப்போகும்போது கருவிப் பெட்டியையும் எடுத்துப்போங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்தவர் 'சார் நல்லா சொல்லிக்கொடுப்பார்' என்பார். அதே ஆள் கையில் உளியையும், அதை அடிக்கும் மரச்சுத்தியான கொட்டாப்புளியையும் கொடுங்கள். விரல் தானாகப் பிடிக்கும், பேச்சு தானாக வரும். 'இப்படிப் பிடிச்சா அடிப்பாரு, கட்டை விரல் மேல வரக்கூடாது' என்று ஆரம்பிப்பார். அந்தக் கையைப் படம் எடுங்கள். உளி தீட்டுகிற சாய்வு 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அப்பா அதை எப்படிச் சொன்னார் என்பதுதான் நமக்கு வேண்டியது. முதல் நாள் என்ன வேலை கொடுத்தார்? எத்தனை நாள் சாணைக்கல்லிலேயே உட்காரவைத்தார்? மரத்தைக் கெடுத்துவிட்டால் என்ன வார்த்தை சொல்வார்? திட்டிய வார்த்தை அச்சில் போடக்கூடியதாக இருந்தால் அப்படியே போடுங்கள். அப்பாவின் குரல் அதில்தான் இருக்கும்.

வண்டிச் சக்கரம் செய்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள், அவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். குடம் (சக்கரத்தின் நடுக்கட்டை), ஆரக்கால், வட்டை (மர வளையம்) ஒவ்வொன்றுக்கும் எந்த மரம் எடுத்தார், மரத்தை எத்தனை மாதம் காயவைத்தார், ஆரக்கால் எத்தனை என்று கேளுங்கள். இரும்புப் பட்டா போடுகிற நாளைத் தனியாகக் கேளுங்கள். பட்டாவை வட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக அடித்து, நெருப்பில் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி வட்டை, ஆரக்கால், குடம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். அளவை ரொம்பக் குறைத்தால் சக்கரமே நெளிந்துவிடும். குறைக்காமல் விட்டால் வெயில் காலத்தில் பட்டா கழன்று ஆடும். அப்பா எத்தனை நூல் குறைத்தார் என்று சொல்லக்கூடிய ஒருவர் கிடைத்தால், அந்த எண்ணை மலரில் கட்டாயம் போடுங்கள்.

உங்கள் பக்கத்தில் பேட்டி கொடுப்பவர்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அவர்களைத் தமிழில் பேசச் சொல்லி இழுக்க வேண்டாம். அவர்கள் மொழியிலேயே பேசட்டும். முக்கியமான ஒரு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, கீழே அர்த்தம் கொடுங்கள்.

வருஷம் கேட்டால் வயதானவர்கள் எண் சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சி சொல்வார்கள். 'எமர்ஜென்சி சமயம்' என்றால் 1975 ஜூனுக்குப் பிறகு. 'எம்.ஜி.ஆர். செத்த மாசம்' என்றால் 1987 டிசம்பர். 'கிருஷ்ணகிரி அணை கட்டும்போது' என்றால் 1950-கள், அப்பா சிறுவனாக இருந்த காலம். சொன்னதை அப்படியே எழுதி, வருஷத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பிறந்த தேதி. சர்வதாரி வருஷம் 1948 ஏப்ரல் நடுவில் பிறந்து 1949 ஏப்ரல் நடுவில் முடிகிறது. அதில் தை மாதம் 1949 ஜனவரி–பிப்ரவரியில் வரும். பஞ்சாங்க அட்டவணையில் சர்வதாரிக்கு நேராக 1948 என்று பார்த்துவிட்டு அதையே அச்சடிக்கிற தப்பு அடிக்கடி நடக்கிறது. மார்கழிக் கடைசி, தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஒரு வருஷம் கூட்ட வேண்டும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள ஜூன் 1, சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அது சகஜம். அவர் ஓய்வு பெற்றதும் அதோடு ஒத்துப்போகிறது. அப்போது ஓய்வு வயது 58. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவார்கள். அதனால்தான் 2007 மே 31. ஆக இரண்டும் பொய் இல்லை. 'பிறப்பு: சர்வதாரி தை (1949). பள்ளிப் பதிவில்: 1-6-1949' என்று இரண்டையும் போட்டுவிடுங்கள்.

பிறந்த ஊருக்குப் பின்னால் எந்த மாவட்டம் என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1949-ல் உங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அப்பா ஒரே ஊரில் குடியிருந்தபடியே மூன்று மாவட்டத்துக்காரராக இருந்திருக்கிறார். 1974 நியமன ஆணையில் தருமபுரி என்று இருந்தால் அதைத் திருத்தாதீர்கள், அதுதான் சரி. வாழ்க்கைக் குறிப்பில் 'அன்றைய சேலம் மாவட்டம்' என்று ஒரு சொல் சேர்த்தால் பேரப்பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

கண்ணாடியோடு ஒட்டிய படங்களைப் பிரிக்க முயலாதீர்கள். படத்தின் மேலே இருக்கும் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் பின்பக்கமாகக் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தை ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்து, ஸ்கேனரில் கண்ணாடியோடேயே வையுங்கள். ஸ்கேன் மங்கலாக வந்தால் கேமராவில் எடுக்கலாம். விளக்குகளை இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் வைத்து, எடுப்பவர் முன்னால் கறுப்புத் துணி பிடித்துக்கொண்டால் அவருடைய நிழல் கண்ணாடியில் தெரியாது.

மற்ற படங்களுக்குக் கணக்கு எளிது. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நாலரை சென்டிமீட்டர் உயரப் பாஸ்போர்ட் படத்தைப் பதினெட்டு சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் நான்கு மடங்கு, ஆக 1200-ல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 போதும். கடைக்காரர் 'வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்' என்பார். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவ் கொண்டுபோங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். பள்ளிக் குழுப் படம் இருந்தால் அதன்மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளின் கோட்டை வரைந்து எண் போட்டு, அந்தத் தாளைப் பேட்டிக்குப் போகும் இடமெல்லாம் எடுத்துப்போங்கள். ஆளுக்கு நான்கு பெயர் சொன்னாலும் பட்டியல் நிறைந்துவிடும்.

கருவிகளைப் படம் எடுக்கும் முன் பளபளப்பாக்கிவிடாதீர்கள். உப்புத்தாள் போட்டால் முப்பது வருஷம் கை பட்டுப் பட்டு வழவழப்பான பிடி புதுக் கடைச்சரக்கு ஆகிவிடும். கொட்டாப்புளியின் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருக்கும், அதுதான் படத்தில் வேண்டும். கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும். பெட்டியின் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் வண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே கருவிகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பெரியண்ணன் விஷயத்தில் நான் சொல்வது கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும். அதை நீங்கள் எழுதக்கூடாது. மறுத்தவர் அவர், வருந்தியவர் அப்பா. இரண்டு பேருக்காகவும் தங்கை பேசினால், எவ்வளவு அன்பாக எழுதினாலும் தீர்ப்பு மாதிரிதான் படிக்கும். அவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, 'அப்பா செய்த பொருளில் உன் வீட்டில் இப்போது இருப்பது என்ன? அதைப் பற்றி எழுது' என்று மட்டும் சொல்லுங்கள். கட்டிலோ தொட்டிலோ ஏதாவது ஒன்று இருக்கும். அதைப் பற்றி எழுதும்போது மற்றது வந்தால் வரட்டும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். எழுத வரவில்லை என்றால் பேசச் சொல்லிப் பதிவு செய்து எழுதி, அச்சுக்கு முன் அவரிடமே படித்துக்காட்டுங்கள். சின்ன வயதில் தவறிய குழந்தை, பாகப்பிரிவினை மாதிரியான விஷயங்களிலும் அம்மாவைத் தனியாகக் கேட்டுவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். குடும்பப் பட்டியலை வயது வரிசையில் போடுங்கள், மருமகள், மருமகன் பெயர் உட்பட. வேறு எந்த வரிசையில் போட்டாலும் பந்தியிலேயே சண்டை வரும். போன் நம்பர், ஆதார், வங்கிப் புத்தகம் தெரிகிற படம் எதுவும் வேண்டாம்.

அச்சகத்துக்குப் போகும்போது கையில் ஒரே சீட்டில் விவரம் இருக்கட்டும்: டெமி எட்டில் ஒன்று அளவு, 64 பக்கம், உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) மேப்லித்தோ (பளபளப்பில்லாத அச்சுத்தாள்), நடுவில் 16 பக்கம் மட்டும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு மேட் லேமினேஷன், நடு பின். 64 பக்கம் என்பது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதி) நான்கு, அதனால் தாள் வீணாகாது. 66 பக்கம் ஆனால் வீண் செலவு, 64-க்குக் குறையுங்கள், இல்லை 72-க்குப் போங்கள். இதே சீட்டைக் கிருஷ்ணகிரியில் ஒன்று, தருமபுரியில் ஒன்று, சிவகாசியில் ஒன்று என மூன்று இடத்தில் கொடுத்து விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும். பிரதி 300-க்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, 500-க்கு மேல் ஆப்செட் கட்டுப்படியாகும். இடைப்பட்டதற்கு இரண்டு விலையும் கேளுங்கள்.

நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அங்கேதான் கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' காணாமல் போகும், 'கௌ' என்பது 'கெள' ஆகும். திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். தாளில் புரூஃப் (திருத்தம் பார்க்கும் படி) வாங்கி, ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிக்க இன்னொருவர் புரூஃபைப் பாருங்கள். இனிஷியலையும் ஊர்ப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லிப் படிக்க வேண்டும். அட்டையை ஐந்து பேர் பார்க்கட்டும். உள்ளே தேடித் தேடித் திருத்திவிட்டு அட்டையில் அப்பா பெயரையே தப்பாக விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை: திதி என்பது இங்கிலீஷ் தேதி இல்லை. போன வருஷத் தேதியைவிட ஏறக்குறைய 11 நாள் முன்னாலோ, 18, 19 நாள் பின்னாலோ வரும். புரோகிதரிடம் கேட்டு நாளை உறுதி செய்த பிறகுதான் அட்டையில் தேதி போட வேண்டும். முன்னால் வந்தால் உங்கள் நான்கு மாதத்தில் பத்து நாள் குறையும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சும் பின்னடித்தலும் இரண்டு வாரம், இரண்டு புரூஃபுக்கு இரண்டு வாரம், பக்க அமைப்புக்கு இரண்டு வாரம். ஆறு வாரத்துக்கு முன் எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய ஆள் கவிதை அனுப்பினாலும் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, அந்த அகல உளி. திருப்பிக் கேட்காதீர்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்கே போங்கள், வேலை நடக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். உளி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தீட்டித் தீட்டி எவ்வளவு நீளம் குறைந்திருக்கிறது என்று அவரையே அளக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருக்கும்படியே படம் எடுத்து, மற்றக் கருவிகளின் வரிசையில் அதன் இடத்திலேயே போட்டு, கீழே இப்படி எழுதினால் போதும்: 'அகல உளி. இப்போது இவரிடம்.'